கடிகாரத்துக்கு ஒரு விமான டிக்கெட்: காலப்பயணமும் இணை காலக்கோடுகளும்

1971 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஒரு விசித்திரமான பயணி இருந்தார். டிக்கெட்டில் பெயர் 'மிஸ்டர் கிளாக்'. சீட்டில் ஆள் இல்லை, அணுக் கடிகாரங்கள்தான் இருந்தன. ஜோசப் ஹாஃபலி என்ற இயற்பியலாளரும் ரிச்சர்ட் கீட்டிங் என்ற வானியலாளரும் நான்கு சீசியம் கடிகாரங்களைத் தூக்கிக்கொண்டு முதலில் கிழக்குப் பக்கமாக உலகைச் சுற்றினார்கள். அப்புறம் சில நாள் கழித்து மேற்குப் பக்கமாக ஒரு சுற்று.

திரும்பி வந்து, தரையிலேயே இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிழக்கே போனபோது சுமார் 59 நானோசெகண்ட் பின்தங்கியிருந்தன. மேற்கே போனபோது சுமார் 273 நானோசெகண்ட் முந்தியிருந்தன. நானோசெகண்ட் என்றால் ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குள் கோடிக்கணக்கில் கடந்துவிடும். ஆனாலும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை வைத்து முன்கூட்டியே போட்ட கணக்கோடு இந்த அளவுகள் பொருந்தின.

கிழக்கே போய்வந்த கடிகாரங்களின் பக்கம் நின்று இதை யோசியுங்கள். அவற்றுக்குக் கழிந்த நேரம் குறைவு, ஊருக்குக் கழிந்த நேரம் அதிகம். அதாவது அவை 59 நானோசெகண்ட் எதிர்காலத்தில் வந்து இறங்கியிருக்கின்றன. காலப்பயணம் என்று இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். "தாத்தா காலத்துக்குப் போகணும்னு கேட்டா இவர் நானோசெகண்ட் கணக்கு சொல்றாரே" என்று தோன்றும். சரி, அங்கேயும் போவோம். அதற்குமுன் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும்.

சினிமாவும் தொடர்களும் இரண்டு வெவ்வேறு சரக்குகளை ஒரே பொட்டலத்தில் கட்டித் தருகின்றன. ஒன்று காலப்பயணம். அது ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையிலிருந்து வருவது. மற்றொன்று இணை உலகங்கள், அல்லது இணை காலக்கோடுகள். அது குவாண்டம் இயற்பியலிலிருந்து வருவது. முதலாவது காலமும் இடமும் எப்படி வளைகின்றன என்று பேசுகிறது. இரண்டாவது அணுவைவிடச் சிறிய துகள்கள் ஏன் ஒரே சமயத்தில் இரண்டு நிலைகளில் இருப்பதுபோல் நடந்துகொள்கின்றன என்று பேசுகிறது. ஒன்று மெய்யானால் மற்றதும் மெய்யாகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. கடைசியில் அங்கே வருவோம்.

எதிர்காலத்துக்குப் போக மட்டும்தான் டிக்கெட்

ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னது இது: வேகமாக நகர்கிறவருக்கு, நின்று பார்க்கிறவரின் கணக்குப்படி, காலம் மெதுவாக ஓடும். 1915-இல் சேர்த்துச் சொன்னது: ஈர்ப்புவிசை அதிகமாக இருக்கும் இடத்திலும் காலம் மெதுவாக ஓடும். கடிகாரம் பழுதாகி மெதுவாக ஓடுவதைப்போல இதை நினைக்கக் கூடாது. இதயத்துடிப்பு, முடி நரைப்பது, பால் தயிராவது எல்லாமே சேர்ந்து மெதுவாகும். அதனால்தான் பயணத்தில் இருப்பவருக்கு எதுவுமே வித்தியாசமாகத் தெரியாது. திரும்பி வந்து ஊர்க்காரர்களைப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்.

இரட்டைப் பிறவிகளாக இரண்டு சகோதரிகள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயதில் ஒருத்தி, ஒளியின் வேகத்தில் 99.5 சதவீத வேகத்தில் போகும் கப்பலில் ஏறுகிறாள். அவளுடைய கணக்கில் ஐந்து வருஷம் பயணம் செய்துவிட்டு 35 வயதில் இறங்குகிறாள். விமான நிலையத்தில் வரவேற்க நிற்கும் இன்னொருத்திக்கு 80 வயது. அந்த வேகத்தில் காலம் பத்து மடங்கு வித்தியாசப்படும். இப்படி ஒரு கப்பல் நம்மிடம் இல்லை. மனிதன் செய்த கருவிகளில் மிக வேகமானவைகூட ஒளிவேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. ஆனால் தடை எரிபொருளிலும் பொறியியலிலும்தான் இருக்கிறது. இயற்கை விதியில் இல்லை.

இயற்கையே இதைத் தினமும் செய்து காட்டுகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. இவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெகண்ட். அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். அப்படியானால் இவை பாதி வழிகூட வராமல் அழிந்துபோக வேண்டும். ஆனால் உங்கள் உள்ளங்கையை விரித்து வைத்தால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் வருவதால் அவற்றின் 2.2 மைக்ரோசெகண்ட், நம் கணக்கில் பல மடங்கு நீண்டுவிடுகிறது. தேனி மாவட்டத்தில் நியூட்ரினோ ஆய்வகத்தை மலையைக் குடைந்து உள்ளே அமைக்கத் திட்டமிட்டதே இந்த மியூவான்களின் தொல்லையைக் குறைக்கத்தான். அவை மட்டும் சொன்ன நேரத்துக்குச் செத்திருந்தால் அத்தனை பாறை தேவைப்பட்டிருக்காது!

ஈர்ப்புவிசையின் விளைவும் இப்படித்தான். தரையிலிருந்து உயரப் போகப்போக ஈர்ப்பு குறையும், காலம் கொஞ்சம் வேகமெடுக்கும். 2010-இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஒரு கடிகாரத்தை இன்னொன்றைவிட வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து, அந்த வித்தியாசத்தை அளந்தே காட்டினார்கள். மாடிவீட்டுக்காரருக்குக் கீழ்வீட்டுக்காரரைவிடச் சற்று வேகமாக வயதாகிறது. வாடகையைக் குறைக்கச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டும் ஒன்றாக வேலைசெய்யும் இடம் உங்கள் கைப்பேசி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் வேகத்தால் அங்குள்ள கடிகாரங்கள் நாளொன்றுக்கு 7 மைக்ரோசெகண்ட் பின்தங்கும். ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோசெகண்ட் முந்தும். கழித்துப் பார்த்தால் 38 மைக்ரோசெகண்ட் வேகம். இதைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். சென்னை சென்ட்ரலில் நிற்கிற உங்களைத் தேடி ஆட்டோ கிண்டிப் பக்கம் போய் நிற்கும்.

மனிதர்களில் இந்த வகையில் அதிக தூரம் போனவர்கள் விண்வெளி நிலையத்தில் நீண்ட காலம் இருந்தவர்கள். ரஷ்யாவின் ஒலெக் கொனோனென்கோ மொத்தம் 1,100 நாட்களுக்கு மேல் விண்வெளியில் கழித்திருக்கிறார். அங்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 மைக்ரோசெகண்ட் மிச்சமாகும். ஆக, அவர் சுமார் 0.03 விநாடி எதிர்காலத்துக்கு வந்திருக்கிறார். நாம் அறிந்த காலப்பயணிகளில் முதலிடம் அவருக்குத்தான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இதுவரை சொன்ன எதிலும் முரண் இல்லை, இரட்டைக் காலக்கோடு இல்லை, தாத்தா பாட்டிக்கு ஆபத்தும் இல்லை. எதிர்காலத்துக்குப் போவதால் யாருடைய கதையும் கெடுவதில்லை. போன பிறகு திரும்பி வர வழியில்லை, அவ்வளவுதான்.

பின்னால் நடக்காமலே பின்னால் போவது

இறந்த காலத்துக்கு வருவோம். அது அழிந்துபோன ஒன்று, அங்கே எப்படிப் போவது என்பது இயல்பான கேள்வி. சார்பியலின் பதில் நம்மை அசைத்துப் பார்க்கும். அங்கே இடமும் காலமும் சேர்ந்து ஒரே நெசவு. மதுரையில் இருக்கும்போது திருச்சி இல்லாமல் போய்விடுவதில்லை. அதுபோல 2026-இல் இருக்கும்போது 1950 இல்லாமல் போய்விடுவதில்லை, அது வேறொரு 'இடத்தில்' இருக்கிறது. ஒருவருக்கு 'இப்போது' நடப்பது, வேகமாக நகரும் இன்னொருவருக்கு ஏற்கனவே நடந்ததாகவும் இருக்கலாம். எனவே பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான 'இப்போது' என்று ஒன்றை வரையவே முடியாது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்கக் கூடாது. வினைத்தொகை என்று பள்ளியில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஊறுகாய். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய், மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. காலம் அதில் இல்லை என்று சொல்ல முடியாது, மறைந்து நிற்கிறது. சார்பியல் காட்டும் பிரபஞ்சமும் ஏறக்குறைய ஓர் ஊறுகாய்தான். 1955 மார்ச்சில் தன் பழைய நண்பர் மிஷேல் பெஸ்ஸோ இறந்தபோது, ஐன்ஸ்டைன் அவருடைய குடும்பத்துக்கு எழுதிய ஆறுதல் கடிதத்தில் இதையே சொன்னார்: இயற்பியலை நம்பும் எங்களுக்கு, கடந்தது நடப்பது வருவது என்ற பிரிவினை விடாப்பிடியான ஒரு மாயத்தோற்றம் மட்டுமே. அடுத்த மாதம் அவரும் போய்விட்டார்.

இறந்த காலம் 'இருக்கிறது' என்றால் அங்கே போக வழி உண்டா? 1949-இல் உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் கர்ட் கோடெல். தர்க்கவியலில் அந்த நூற்றாண்டின் பெரிய மூளை. பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனோடு தினமும் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்துபோகும் தோழர். ஐன்ஸ்டைனின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி அவர் கொடுத்த பரிசு, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கே ஒரு புதிய தீர்வு. மொத்தப் பிரபஞ்சமும் சுழன்றுகொண்டிருந்தால், அதில் காலம் வளைந்து வளைந்து ஒரு வட்டமாக மூடிக்கொள்ளும் பாதைகள் இருக்கும்.

கோயில் பிராகாரம் சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொடிமரத்தில் கிளம்புகிறீர்கள். முன்னால்தான் நடக்கிறீர்கள், ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கிளம்பின கொடிமரத்துக்கே வந்து நிற்கிறீர்கள். கோடெலின் பிரபஞ்சத்தில் கொடிமரத்துக்குப் பதில் ஒரு தேதி. பயணியின் கடிகாரம் முன்னோக்கியே ஓடும், தாடி வளரும், பசிக்கும். ஆனால் வந்து சேரும் இடம் கிளம்பிய அதே தேதி, அல்லது அதற்கும் முந்தையது. இயற்பியலாளர்கள் இதை மூடிய காலப்பாதை என்கிறார்கள். சினிமாவில் காட்டுவதுபோல் எல்லாம் தலைகீழாக ஓடுவது கிடையாது.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரும் வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், ஜேம்ஸ் ரைட் என்பவரோடு சேர்ந்து 1961-இல் கோடெல் பிரபஞ்சத்தை ஆராய்ந்தார். எஞ்சின் இல்லாமல் தானாக மிதந்துபோகும் பொருட்களின் பாதைகளைக் கணக்கிட்டார்கள். எதுவும் தன் இறந்த காலத்துக்குத் திரும்பவில்லை. கோடெல் சொன்னது தவறு என்று முடிவுகட்டினார்கள். ஆனால் கோடெல் பேசியது எஞ்சின் உள்ள, வளைந்து வளைந்து திரும்பிக்கொண்டே போகும் ராக்கெட்டைப் பற்றி. ஒளிவேகத்தில் குறைந்தது 71 சதவீதமாவது வேண்டும் என்றுகூட அவர் கணக்கிட்டிருந்தார். 1970-இல் ஹோவர்ட் ஸ்டைன் என்ற தத்துவ அறிஞர் இதைச் சுட்டிக்காட்டினார். சந்திரசேகர் அளவுக்குக் கணக்கில் கறாரான ஒருவரையே சறுக்க வைத்த பாதை இது என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

நம்முடைய பிரபஞ்சம் கோடெல் சொன்னபடி சுழல்வதற்கு ஆதாரம் ஏதும் இல்லை, அது விரிந்துகொண்டிருக்கிறது. ஆகவே அந்த வழி அடைப்பு. அடுத்த வழி புழுத்துளை, அதாவது தொலைவில் இருக்கும் இரண்டு இடங்களைக் குறுக்குவழியாக இணைக்கும் ஒரு சுரங்கம். 1980-களில் வானியலாளர் கார்ல் சேகன், தான் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாவலுக்காக இயற்பியலாளர் நண்பர் கிப் தோர்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: நட்சத்திரங்களுக்கு நடுவே குறுக்குவழியில் போக இயற்பியலில் இடம் உண்டா? தோர்ன் அதை வேடிக்கையாக விட்டுவிடாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1988-இல் மைக்கேல் மோரிஸ், உல்வி யுர்ட்செவர் இருவரோடும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், புழுத்துளை ஒன்று கிடைத்தால் அதைக் கால இயந்திரமாக மாற்றுவது எப்படி என்ற செய்முறையே இருந்தது.

புழுத்துளைக்கு இரண்டு வாய். ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும். மற்றதை 2030-இல் அதிவேகக் கப்பலில் ஏற்றி ஒரு சுற்று அனுப்புங்கள். அந்த இரட்டைச் சகோதரிகள் கதைதான். வெளியே பத்து வருஷம் ஓடி 2040 ஆகும்போது, ஊர் சுற்றித் திரும்பிய வாய்க்கு ஒரே வருஷம்தான் ஆகியிருக்கும். அதைப் பொறுத்தவரை இப்போது 2031. துளையின் உள்ளே இரண்டு வாய்களும் எப்போதும் ஒரே நேரம்தான் காட்டும். எனவே 2040-இல் இந்த வாயில் நுழைந்தால், வீட்டு வாய் வழியாக 2031-இல் வெளியே வருவீர்கள்.

கேட்க ஜோராக இருக்கிறது. இரண்டு சிக்கல்கள் உண்டு. துளை தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே எதிர்மறை ஆற்றல் கொண்ட ஏதோ ஒன்றை முட்டுக்கொடுக்க வேண்டும். மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே துளியளவு எதிர்மறை ஆற்றல் உண்டாகும் என்று 1948-இல் ஹென்ட்ரிக் காசிமிர் சொன்னார். ஆனால் மனிதர் நுழையும் துளைக்குத் தேவைப்படும் அளவோடு ஒப்பிட்டால் அது கடலில் ஒரு துளிகூட ஆகாது. இரண்டாவது, இந்த இயந்திரத்தில் 2030-க்கு முன்னால் போகவே முடியாது. துளை உண்டான நாளுக்கு முந்தைய நாட்களுக்கு அதில் வாசலே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒளியை முந்தினால் இறந்த காலத்துக்குச் செய்தி அனுப்பலாம் என்பதும் சார்பியலின் ஒரு விளைவு. 2011 செப்டம்பரில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ ஆய்வகத்துக்குப் போன நியூட்ரினோக்கள் ஒளியை 60 நானோசெகண்ட் முந்திவிட்டதாக ஓர் அறிவிப்பு வந்து உலகமே பரபரத்தது. சில மாதங்களில் காரணம் தெரிந்தது. ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகச் சொருகப்படவில்லை.

பாட்டியின் நோட்டுப் புத்தகம்

சரி, வழி கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். உடனே தாத்தா முரண் வந்து நிற்கும். காலத்தில் பின்னால் போய், கல்யாணத்துக்கு முன்பே தாத்தாவைக் கொன்றுவிட்டால் நீங்கள் பிறக்கவில்லை. பிறக்காவிட்டால் யார் போய்க் கொன்றது? இதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு இதைவிட இன்னொன்றுதான் தலையைச் சுற்ற வைக்கும்.

உங்கள் பாட்டியின் வத்தக்குழம்பு ஊரில் பிரசித்தம். செய்முறையை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு 1955-க்குப் போகிறீர்கள். புதுப்பெண்ணாக, சமையல் தெரியாமல் மாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் பாட்டியிடம் பரிதாபப்பட்டுக் கொடுக்கிறீர்கள். அவர் அதைப் பார்த்து ஒரு புது நோட்டில் எழுதிக்கொள்கிறார், சமைக்கிறார், பேர் வாங்குகிறார். அந்தப் புது நோட்டுதான் பிற்பாடு உங்கள் கைக்கு வருவது. இங்கே யாரும் சாகவில்லை, எந்த முரணும் இல்லை. ஆனால் எத்தனை கடுகு, எவ்வளவு புளி என்று முதலில் கண்டுபிடித்தது யார்? யாருமே இல்லை. செய்முறை தானாகவே வட்டத்தில் இருக்கிறது.

இந்தச் சிக்கல்களுக்கு ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் 1980-களில் சொன்ன பதில்: ஒரே ஒரு காலக்கோடுதான் உண்டு, அது தனக்குத் தானே முரண்படாது. நீங்கள் 1955-க்குப் போகலாம், ஆனால் அங்கே செய்யப்போவது ஏற்கனவே வரலாற்றில் செய்து முடித்ததுதான். துப்பாக்கி அடைத்துக்கொள்ளும், வாழைப்பழத் தோல் வழுக்கும், தவறான ஆளைச் சுடுவீர்கள். ஊழ் என்று நம்மவர்கள் சொல்வதோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் நோவிகோவின் விதிக்கு யாரும் எழுதிவைத்தவர் கிடையாது; முரணுள்ள கணக்குக்கு விடையே கிடையாது என்பது மட்டும்தான் அதன் உள்ளடக்கம்.

இது நழுவல் மாதிரித் தெரிகிறதா? ஜோசப் போல்சின்ஸ்கி என்ற இயற்பியலாளருக்கும் அப்படித்தான் தோன்றியது. மனிதர்களை விட்டுவிட்டு ஒரு பில்லியர்ட்ஸ் பந்தை எடுத்துக்கொண்டார். நாம் கேரம் காயாக வைத்துக்கொள்வோம். காய் ஒரு குழியில் விழுகிறது. கால வளைவு வழியாக, சில விநாடிகளுக்கு முன்பே இன்னொரு குழியிலிருந்து வெளியே வருகிறது. வந்து, குழியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் தன்னையே இடித்துத் தள்ளிவிடுகிறது. இடிபட்ட காய் குழியில் விழாது. விழாவிட்டால் இடித்தது எது? காய்க்கு மனசும் இல்லை, வாழைப்பழத் தோலும் இல்லை.

தோர்னும் அவருடைய மாணவர்களும் 1991-இல் விடை கண்டார்கள். வெளியே வரும் காய் நேராக இடிக்காமல் லேசாக உரசிவிட்டுப் போகிறது. உரசப்பட்ட காய் கொஞ்சம் கோணலாக, ஆனாலும் குழியில்தான் விழுகிறது. கோணலாக விழுந்ததால் கோணலாக வெளியே வருகிறது. கோணலாக வந்ததால்தான் உரசல் லேசாக இருந்தது. சுற்று முழுமையாகிவிட்டது, முரண் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், இப்படிப்பட்ட விடை ஒன்றுக்குப் பதில் எண்ணற்றவை கிடைத்தன.

எவரெட்டின் கிளைகள்

இப்போது இரண்டாவது சரக்கு. இதற்குக் கால இயந்திரமே வேண்டாம், பாதி ரசம் பூசிய ஒரு கண்ணாடி போதும். அதில் ஒளியை அனுப்பினால் பாதி ஊடுருவும், பாதி திரும்பும். ஒளியை ஒரே ஒரு துகளாக, ஒற்றை ஃபோட்டானாக அனுப்பினால்? குவாண்டம் கணக்கின்படி அது ஊடுருவியது, திரும்பியது என்ற இரண்டு நிலைகளின் கலவையாக இருக்கிறது. ஆனால் கருவியை வைத்துப் பார்க்கும்போது எப்போதும் ஏதாவது ஒரு பக்கம்தான் சிக்கும். மற்ற பக்கம் என்ன ஆனது? பாடப்புத்தகங்கள் அது 'சரிந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். சிக்கல் என்னவென்றால், குவாண்டம் துகள்களின் நடத்தையைச் சொல்லும் ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டில் சரிவு என்று எதுவும் கிடையாது. அது வெளியிலிருந்து ஒட்டவைத்த விதி.

பிரின்ஸ்டனில் ஜான் வீலரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹ்யூ எவரெட் 1957-இல் கேட்டது எளிய கேள்வி: அந்த ஒட்டுவேலையை எடுத்துவிட்டால் என்ன? சமன்பாடு சொல்வதை அப்படியே நம்பினால், ஃபோட்டான் இரண்டு நிலைகளிலும் இருக்கிறது, அதைப் பார்க்கும் கருவியும் இரண்டு நிலைகளில் இருக்கிறது, கருவியைப் பார்க்கும் நீங்களும் இரண்டு நிலைகளில் இருக்கிறீர்கள். ஒரு நீங்கள் 'ஊடுருவியது' என்று எழுதிக்கொள்கிறீர்கள், இன்னொரு நீங்கள் 'திரும்பியது' என்று எழுதிக்கொள்கிறீர்கள். இரண்டும் மெய். இதைத்தான் பலவுலக விளக்கம் என்கிறோம்.

இதற்கு எவரெட்டுக்குக் கிடைத்த வரவேற்பு சொல்லும்படியாக இல்லை. 1959-இல் கோபன்ஹேகன் போய் குவாண்டம் இயற்பியலின் முன்னோடியான நீல்ஸ் போரைச் சந்தித்தும் பலன் இல்லை. அதற்கு முன்பே அவர் கல்வித்துறையை விட்டுவிட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் அணு ஆயுதக் கணக்குகள் போடும் வேலைக்குப் போயிருந்தார். 1982-இல் 51 வயதில் இறந்தார். முன்பு 1957-இலேயே பிரைஸ் டிவிட் என்ற இயற்பியலாளர் வீலருக்கு எழுதிய கடிதத்தில், நான் இரண்டாகப் பிரிவதுபோல் எனக்குத் தோன்றவில்லையே என்று கேட்டார். பூமி சுற்றுவது உங்களுக்குத் தெரிகிறதா என்று எவரெட் திருப்பிக் கேட்டார். டிவிட் அசந்துபோனார். 1970-இல் இந்தக் கருத்தை ஊரறியச் செய்ததும் அவரே.

இங்கேதான் சினிமாவிலிருந்து நாம் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்களைக் கழற்றிவைக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, 'டீயா காபியா' என்று நீங்கள் முடிவெடுக்கும் ஒவ்வொரு தடவையும் உலகம் இரண்டாகிறது என்பது. எவரெட்டின் கணக்கில் முடிவெடுத்தலுக்கு எந்த மகிமையும் கிடையாது. கிளை பிரிவது குவாண்டம் நிகழ்வுகளில். ஓர் அணு சிதைவதும் சிதையாமல் இருப்பதும் போதும், மனிதரே வேண்டாம். வேண்டுமானால் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் இணையத்தில் தரும் குவாண்டம் தற்செயல் எண்களைப் பார்த்து, ஒற்றைப்படை என்றால் டீ, இரட்டைப்படை என்றால் காபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எவரெட்டின்படி இரண்டையுமே குடிப்பீர்கள். ஒன்றுதான் கிடைத்தது என்று இரண்டு பேருமே நினைப்பீர்கள்.

இரண்டாவது, ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குக் கதவு திறந்து போகலாம் என்பது. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கலங்கிய பிறகு அந்த ஒரு சொட்டைத் திரும்ப எடுக்க முடியாது. அதுபோலக் கருவி, காற்று, வெளிச்சம், உங்கள் மூளை என எல்லாவற்றோடும் கலந்து பிரிந்துபோன கிளைகள் மறுபடி ஒன்றையொன்று தொடுவதில்லை. இன்னொரு உலகத்தில் இருக்கும் 'வெற்றிபெற்ற நான்' வந்து உதவப் போவதும் இல்லை, எட்டிப் பார்க்கப் போவதும் இல்லை. 2020-இல் அண்டார்டிகாவில் காலம் பின்னோக்கி ஓடும் இணை உலகம் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அங்கே பலூனில் கட்டிப் பறக்கவிட்ட ஒரு கருவியில் பதிவான, விளங்காத சில சமிக்ஞைகளை வைத்துக் கட்டிய கதை அது.

பலவுலக விளக்கத்தை எல்லா இயற்பியலாளர்களும் ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரிவு உண்மையிலேயே நடக்கிறது என்பவர்களும் உண்டு, இந்தக் கேள்வியே வேண்டாம், கணக்கைப் போடு என்பவர்களும் உண்டு.

இரண்டும் சந்திக்கும் இடம்

1991-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த இயற்பியலாளர் டேவிட் டாய்ச் இந்த இரண்டு சரக்குகளையும் ஒரே தராசில் வைத்தார். கால வளைவுக்குள் ஒரு குவாண்டம் துகளை அனுப்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். கேரம் காய் போன்ற சாதாரணப் பொருட்களுக்கு எந்தத் தொடக்க நிலையிலும் முரண் வராது என்று உறுதி சொல்ல முடியாது. குவாண்டம் துகளுக்கு எப்படி அனுப்பினாலும் முரணில்லாத விடை ஒன்று கட்டாயம் இருக்கிறது. அந்த விடையை எவரெட்டின் கண்ணோடு படித்தால் இப்படி வரும்: இயந்திரத்தில் ஏறி நீங்கள் பின்னால் போவது உங்கள் இறந்த காலத்துக்கு இல்லை, இன்னொரு கிளையின் இறந்த காலத்துக்கு.

தாத்தா முரண் அப்படியே கரைந்துவிடுகிறது. நீங்கள் பிறந்த கிளையில் தாத்தா கல்யாணம் செய்துகொண்டார், பேரன் பிறந்தான், ஒருநாள் இயந்திரத்தில் ஏறிக் காணாமல் போனான். இன்னொரு கிளையில், யாருக்கும் பிறக்காத ஓர் ஆள் திடீரென்று வந்து ஒரு வாலிபரைச் சுட்டான். அங்கே அந்தப் பேரன் பிறக்கவில்லை. இரண்டு கதையிலும் தர்க்கப் பிழை கிடையாது. பாட்டியின் நோட்டுக்கும் வழி உண்டு. ஏதோ ஒரு கிளையில் ஒரு பாட்டி அடுப்படியில் பல தடவை சொதப்பி, தானே கண்டுபிடித்திருப்பார். அது கைமாறி வேறு கிளைக்குப் போயிருக்கும்.

கணக்காக எனக்கு இது பிடிக்கிறது. ஆனால் காலப்பயணத்தை மக்கள் எதற்காக ஆசைப்படுகிறார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. யாரும் தாத்தாவைக் கொல்வதற்காக இயந்திரம் தேடுவதில்லை. அன்றைக்கு அந்த வண்டியில் ஏறாதே என்று ஒருவரிடம் சொல்லத்தான் தேடுகிறார்கள். டாய்ச்சின் கணக்கில் அதைச் சொல்லிவிட முடியும், அவரும் ஏறாமல் இருப்பார், பிழைப்பார். ஆனால் நீங்கள் கிளம்பிவந்த வீட்டில் அவருடைய படத்துக்குப் போட்ட மாலை அப்படியேதான் இருக்கும். கூடவே, காணாமல் போன உங்களையும் தேடிக்கொண்டிருப்பார்கள். 'மாற்றிய காலக்கோடு' என்று கதைகளில் சொல்வது உண்மையில் மாற்றமே இல்லை, இடம்பெயர்தல்தான்.

2014-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஃபோட்டான்களை வைத்து டாய்ச்சின் மாதிரியை நடத்திப் பார்த்தார்கள். எதுவும் இறந்த காலத்துக்குப் போகவில்லை. ஒரு ஃபோட்டானை 'பழையது' என்றும் இன்னொன்றை 'புதியது' என்றும் வைத்துக்கொண்டு செய்த ஒத்திகை அது. 'காலப்பயணம் சாத்தியம்' என்று தலைப்புகள் வந்ததற்குப் பத்திரிகைகளைத்தான் கேட்க வேண்டும்.

இயற்கை இதற்கெல்லாம் இடம் கொடுக்காது என்று நினைத்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். கால வளைவு உருவாகப் போகும் தறுவாயில் அதற்குள் ஆற்றல் சுற்றிச்சுற்றிப் பெருகி இயந்திரத்தையே அழித்துவிடும் என்று 1992-இல் ஓர் ஊகத்தை முன்வைத்தார். வரலாற்றாசிரியர்களுக்கு இதனால் பாதுகாப்பு என்று ஒரு கேலியும் சேர்த்துக்கொண்டார். ஊகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அதற்குக் குவாண்டம் இயற்பியலையும் ஈர்ப்பையும் இணைக்கும் கொள்கை வேண்டும், அது நம் கையில் இல்லை.

அவரே ஒரு சோதனையும் செய்தார். 2009 ஜூன் 28 அன்று கேம்பிரிட்ஜில் காலப்பயணிகளுக்காக ஒரு விருந்து வைத்தார். பலூன்கள், ஷாம்பெயின், தின்பண்டங்கள் எல்லாம் தயார். அழைப்பிதழை மட்டும் விருந்து முடிந்த பிறகுதான் வெளியிட்டார். எதிர்காலத்தில் யாராவது அதைப் படித்துவிட்டுப் பின்னால் வந்தால்தான் உண்டு. காத்திருந்தார், ஒருவரும் வரவில்லை. காலப்பயணம் முடியாது என்பதற்கு இதுவே செயல்முறைச் சான்று என்று சொல்லிச் சிரித்தார்.

டாய்ச் பக்கம் நிற்பவர்கள் கேட்பார்கள்: விருந்தாளிகள் வேறொரு கிளையின் விருந்துக்குப் போயிருந்தால்? தோர்ன் பக்கம் நிற்பவர்களுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. புழுத்துளையின் வாசல் அது உண்டான நாளுக்கு முன்னால் திறக்காது. 2009-இல் கேம்பிரிட்ஜில் யாரும் புழுத்துளை வைத்திருக்கவில்லை. தோர்னோடு பல ஆண்டுகள் பழகி, இயற்பியல் பந்தயங்களே கட்டிக்கொண்டிருந்த ஹாக்கிங்குக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் பலூன் கட்டினார்.